லாட் குலுக்கிய ஞாயிறு

பிரம்மநாயகத்துக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு இங்கிலீஷ் வார்த்தை காதில் விழுந்துவிட்டால் அதற்கு அப்பன் யார், பாட்டன் யார், எந்த ஊரிலிருந்து பிழைக்க வந்தது என்று விசாரிக்காமல் அவருக்குச் சோறு இறங்காது. கோட்டைப் பக்கம் ஒரு ஏலக் கம்பெனியில் குமாஸ்தா உத்தியோகம். துறைமுகத்தில் யாரும் கேட்டு வராமல் கிடக்கிற சரக்கையெல்லாம் குவியல் குவியலாகப் பிரித்து வைப்பார்கள். ஒவ்வொரு குவியலுக்கும் லாட் நம்பர் எழுதி ஒட்டுவது அவர் பொறுப்பு. வேலை முடிந்ததும் கம்பெனி அலமாரியில் இருந்த தடித்த அகராதியைத் திறந்து வைத்துக்கொள்வார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் அன்றைக்குப் படித்ததை ஒன்றுவிடாமல் ஒப்பிப்பார். அதைக் கேட்பதற்கு வாய்த்த ஒரே ஜீவன் கோமதியம்மாள். குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை, காசு செலவில்லாத பழக்கம், பேசிவிட்டுப் போகட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

மாதுங்காவில் அவர்கள் குடியிருந்தது கீழ்த்தளத்தில் ஒற்றை அறை. மூன்று பக்கமும் சுவர். நாலாவது பக்கத்து ஜன்னலைத் திறந்தால் பொதுக் குழாய்க்குப் போகிற சந்து. அந்தச் சந்தில் போகிற வருகிற எல்லாரும் ஒரு எட்டு வந்து தலையை நீட்டி, "என்ன மாமி, இன்னிக்குக் கத்திரிக்காயா?" என்று கேட்டுவிட்டுத்தான் நகருவார்கள். பட்டப்பகலிலும் பல்பு எரியவேண்டும். மழைக்காலத்தில் துவைத்த புடவை காயாமல் ஒரு வாடை அடிக்கும். ஒரே மகளை வளர்த்து, பாண்டுப்பில் கட்டிக்கொடுத்தது வரை எல்லாம் அந்த அறைக்குள்தான். கோமதியம்மாள் யாரிடமும் குறை சொன்னதில்லை. ஆனால் வானம் பார்க்க வேண்டுமென்றால் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவுக்கு வரவேண்டியிருக்கிறதே என்ற எரிச்சல் மட்டும் அவளுக்குள் அடுப்புக் கங்காய்க் கனன்றுகொண்டிருந்தது.

செம்பூரில் உரத் தொழிற்சாலை வந்த மறுவருஷம், தெரிந்தவர்கள் பன்னிரண்டு குடும்பம் ஒன்றுகூடி ஒரு சொசைட்டி ஆரம்பித்து, மனை வாங்கி, கட்டடமும் எழுப்பிவிட்டார்கள். கீழே மூன்று வீடு, அதற்கு மேல் மூன்று மாடி, மாடிக்கு மூன்று வீடு. லிஃப்ட் கிடையாது. மேல் தளத்துக்குக் கான்கிரீட் போட்ட அன்று எல்லாரும் பார்க்கப் போயிருந்தார்கள். பிரம்மநாயகம் காண்ட்ராக்டரைப் பிடித்து, சிமெண்ட் என்ற வார்த்தையின் பூர்வீகத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சமயத்தில் கோமதியம்மாள் சுவரைப் பிடித்துப் பிடித்து, கைப்பிடி வைக்காத படியில் ஏறி, மூன்றாவது மாடிக் கடைசி வீட்டில் போய் நின்றாள். கதவு, ஜன்னல் எதுவும் இல்லாத வெறும் கூடு. எதிரே ட்ராம்பே மலை, அதற்கு மேலே அத்தனை வானம். காற்று முந்தானையைப் பிடித்து இழுத்தது. இந்த வீடுதான் எனக்கு என்று அவள் அந்த இடத்திலேயே முடிவு கட்டிவிட்டாள்.

ஆனால் அவளுக்கு ஒரு முட்டி இருந்தது. போன மழைக்கு முந்தின மழையில் மார்க்கெட்டில் வழுக்கி விழுந்ததிலிருந்து வலது முட்டி சரியில்லை, கொஞ்சம் சாய்த்துத்தான் நடப்பாள். "மெதுவா நடங்க, ஏறுங்க, சும்மா உக்காந்தா கால் மரத்துப் போயிரும்" என்று டாக்டர் சொன்னார். கூடவே, "ஜாக்கிரதையா இருங்க" என்றும் சொன்னார். பிரம்மநாயகத்தின் காதில் பின்பாதி மட்டும் விழுந்தது. அன்றிலிருந்து கோமதிக்குக் கீழ்த்தளத்து வீட்டை வாங்கிக் கொடுத்தே தீருவது என்று ஒற்றைக் காலில் நின்றார்.

அவள் சொல்லாமல் இல்லை. ஒருநாள் சோறு போடும்போது, "நாம மூணாவது மாடியில எடுத்துக்கிட்டா என்ன?" என்று கேட்டாள். பிசைந்த கை நின்றது. அவர் அவளைப் பார்த்த பார்வையில் நெய் உருகியது.

"நீ இப்படித்தான் சொல்லுவேன்னு எனக்குத் தெரியும் கோமதி. அடுத்தவுகளுக்கு எடைஞ்சலா இருக்கக்கூடாதுன்னு பாக்குதே."

இன்னொரு நாள் வெயிலையும் காற்றையும் காரணம் காட்டிச் சொல்லிப் பார்த்தாள். அதற்கு அவர் கண்ணே கலங்கிவிட்டது. நேரே சொசைட்டி செக்ரட்டரி நம்பிராஜன் வீட்டுக்குப் போய், "முட்டியை வெச்சுக்கிட்டு மாடியில இருந்துக்கிடுதேன்னு சொல்லுதாய்யா, எனக்கு மனசு கேக்கல" என்று சொல்லிவிட்டு வந்தார். ஒரே வாரத்தில் சொசைட்டி முழுக்கச் செய்தி பரவியது. பார்க்கிற பெண்கள் எல்லாரும் அவள் முகத்தைப் பார்க்குமுன் முட்டியைப் பார்த்தார்கள். நல்லெண்ணம் இப்படி நாலு பக்கமும் சூழ்ந்துகொண்டால் ஒரு மனுஷி எந்தப் பக்கமாக வெளியே வருவது என்று அவளுக்குப் புரியவில்லை.

கீழ்த்தளத்து வீடுகளுக்குப் போட்டி பலமாகத்தான் இருந்தது. மேலே தண்ணீர் ஏறாது, வெயில் இறங்கும், மழை ஒழுகும் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். மில்லில் மேஸ்திரியாக இருந்த செல்லப்பாண்டிக்கு இழுப்பு நோய்க்கார மாமியார். இன்னொருவருக்குக் கைக்குழந்தை. இப்படி ஆளுக்கொரு நியாயம். நம்பிராஜன் தன் வீட்டில் ஆண்களைக் கூட்டி, லாட் போட்டு எடுத்துவிடலாம் என்றார். பெயரைச் சீட்டில் எழுதிக் குலுக்குவதற்குச் செல்லப்பாண்டி சம்மதிக்கவில்லை.

"காயிதம் வேண்டாம். மடிக்கிறவனுக்கு எந்த மடிப்பு யாருதுன்னு தெரிஞ்சிரும். நான் பட்டவன்" என்றார். எதில் பட்டார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் சாயங்காலம் வரை சொல்லுவார்.

தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருந்த ஜெயினுலாப்தீனும் சொசைட்டியில் ஒருவர். அவர்தான் வழி சொன்னார். "எங்க தொழில்ல நாலு பேரு சேந்துதான் ஒரு லாட் தோல் எடுப்போம். பிரிக்கும்போது ஆளுக்கொரு சாமானைத் தொப்பியில போட்டுக் குலுக்குவோம். ஒருத்தன் ஆணி போடுவான், ஒருத்தன் பட்டன் போடுவான். எது மொதல்ல வெளிய விழுதோ, அந்த ஆளு தனக்கு வேணுங்கிறதை மொதல்ல எடுத்துக்கிடுவான். பொறவு யாரும் பேசப்பிடாது."

பிரம்மநாயகத்துக்குத் தலை கால் புரியவில்லை. அன்று சாப்பாட்டு வேளையில் வாயில் போட்ட கவளத்தை முழுங்குமுன் ஆரம்பித்துவிட்டார்.

"கேளு கோமதி. ஆயிரம் வருஷத்துக்கு முந்தி வெள்ளைக்காரன் ஊருல லாட்னா என்ன தெரியுமா? இதேதான். ஆளுக்கொரு மரத்துண்டு. அதை ஒரு பாத்திரத்துல போட்டுக் குலுக்குவாங்க. அந்தத் துண்டுக்குப் பேருதான் லாட். பொறவு, அந்தத் துண்டு விழுந்து கிடைச்ச பங்குக்கும் லாட்னு பேரு வந்துட்டு. நிலமா இருந்தா அந்த நிலம், கஷ்டமா இருந்தா அந்தக் கஷ்டம். தலையெழுத்தையே லாட்னுதான் சொல்லுவான். அதுக்கப்புறம்தான் ஏலக்காரன் குவியலுக்கு அந்தப் பேரை வெச்சான். குவியல்னா நெறைய இருக்கும்லா? அதனால நெறையன்னு சொல்லுததுக்கே லாட்னு ஆயிட்டு. அதுவும் நேத்துத்தான், ஒரு எரநூறு வருஷம் இருக்கும். லாட்டரியும் இதே குடும்பந்தான்."

கோமதியம்மாள் மோர் ஊற்றினாள். வழக்கமாக இந்த இடத்தில் "ம்" போடுவாள். அன்று கேட்டாள். "ஒருத்தனுக்கு விழுந்த பங்கு எப்படிங்க நெறையன்னு ஆகும்? பங்குன்னா கொறச்சல்தானே?"

பிரம்மநாயகம் பூரித்துப்போனார். இத்தனை வருஷத்தில் அவள் கேட்ட முதல் சந்தேகம் அது. "நம்மகிட்டயும் இருக்கே. சொத்தைப் பிரிச்சா பாகம். அது நல்லபடியா அமைஞ்சிட்டா பாக்கியம். ரெண்டும் ஒரே வயித்துப் புள்ளைக."

அது அவளுக்குப் பிடித்திருந்தது. பாத்திரம் தேய்க்கும்போதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். தனக்கென்று விழப்போவது ஒரு கூடும் கொஞ்சம் காற்றும்தான் என்றாலும் அது நிறையத்தான். கூடவே இன்னொரு யோசனையும் வந்தது. குலுக்கலில் தங்கள் சாமான் கடைசியாக விழுந்தால்? கீழ்வீடுகளை முந்தினவர்கள் கொத்திக்கொண்டு போயிருப்பார்கள், மேலே இருப்பதுதான் மிஞ்சும். யாரோடும் சண்டை வேண்டாம், யாருக்கும் விளக்கம் வேண்டாம். கடவுள் செயல் என்று வாயை மூடிக்கொண்டு மாடி ஏறிவிடலாம். அன்றிலிருந்து அவள் நெல்லையப்பரிடம் தங்களைக் கடைசியில் தள்ளும்படி வேண்டிக்கொண்டாள். அவர் அந்தப் பக்கம் அதே நெல்லையப்பரிடம் முதலில் விழவேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பன்னிரண்டு குடும்பமும் ரயிலேறி, தூக்குவாளிகளில் எலுமிச்சஞ்சாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு செம்பூர் வந்து சேர்ந்தது. பூச்சு வேலை முடியாத கீழ்த்தளத்தில் ஜமுக்காளம் விரித்தார்கள். முன்னால் ஆண்கள், பின்னால் பெண்கள். கோமதியம்மாள் கொண்டு வந்த கூஜாவிலிருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, துடைத்து ஜெயினுலாப்தீன் கையில் கொடுத்தார்கள். ஒவ்வொருவராகப் போய், அடுத்தவர் பார்க்காதபடி கையைக் குவித்து, வீட்டிலிருந்து கொண்டு வந்த சாமானைப் போட்டுவிட்டு வந்தார்கள். யாருடையது என்று முன்கூட்டித் தெரியக்கூடாதாம். செல்லப்பாண்டி போட்ட நிபந்தனை.

ஜெயினுலாப்தீன் பிஸ்மி சொல்லிக் குலுக்கினார். ஒரு கொட்டைப்பாக்கு வந்து ஜமுக்காளத்தில் விழுந்தது.

"என்னுது" என்றார் பிரம்மநாயகம். "என்னுது" என்றார் செல்லப்பாண்டி. அதையே இன்னும் ஐந்தாறு பேர் சொன்னார்கள். ஜெயினுலாப்தீன் கூஜாவைத் தலைகீழாகக் கவிழ்த்தார். பாக்கு, பாக்கு, பாக்கு. முதலில் விழுந்ததோடு சேர்த்துப் பதினோரு கொட்டைப்பாக்கு. கடைசியில் ஒரு பித்தளைப் பட்டன்.

விஷயம் இதுதான். வீடு எடுக்கிற நல்ல காரியம், வெறும் ஆணியையும் கல்லையுமா போடுவது என்று பதினோரு வீட்டிலும் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. பதினோரு வீட்டு அம்மாமாரும் தனித்தனியாக வெற்றிலைத் தட்டிலிருந்து ஒரு பாக்கை எடுத்துப் புருஷன் சட்டைப் பையில் போட்டிருக்கிறார்கள். கோமதியம்மாளும் அதைத்தான் செய்திருந்தாள். செல்லப்பாண்டி ஒவ்வொரு பாக்காக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, தன்னுடைய பாக்கு கொஞ்சம் சப்பையாக இருக்கும் என்றார்.

"என் பட்டன் ஒண்ணுதான் தனியாத் தெரியுது. எல்லா வீட்டையும் எனக்கே எழுதிருங்க" என்றார் ஜெயினுலாப்தீன். பெண்கள் பக்கம் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

கையிலிருக்கிற வேறு எதையாவது போடலாம் என்று முடிவாயிற்று. ஆண்கள் பைகளைத் துழாவினார்கள். எல்லாரிடமும் இருந்தது ரயில் சீசன் டிக்கெட் ஒன்றுதான், அதுவும் ஒரே மாதிரி. ஜெயினுலாப்தீன் மனைவி நஜ்முன்னிசாதான் பின்னாலிருந்து, "எங்க கையில ஆயிரம் சாமான் இருக்கு, ஆளுக்கு ஒண்ணு தாரோம்" என்றாள். ஒருத்தி சாவி கொடுத்தாள். ஒருத்தி கம்மல் திருகாணி. ஒருத்தி உடைந்த வளையல் துண்டு, ஒருத்தி ஜபமாலையிலிருந்து உருவின மணி. கோமதியம்மாள் தலையில் கைவைத்து ஒரு கொண்டை ஊசியை உருவினாள். அதில் ஒரு கால் வளைந்திருந்தது. நம்மைப் போலத்தான் இருக்கு என்று நினைத்துக்கொண்டே கொடுத்தாள்.

"ஒண்ணு சொல்லிருதேன்" என்றார் ஜெயினுலாப்தீன். "யாரு சாமான் விழுதோ அவங்க வந்து அவங்க கையாலதான் எடுக்கணும். அவங்க வாயாலதான் கேக்கணும். வேற ஆளு பேசினாச் செல்லாது. எங்க பட்டறை வழக்கம் அது."

"அதுதான் முறை, அதுதான் ஆதி வழக்கம்" என்று பிரம்மநாயகம் எல்லாரையும் முந்திக்கொண்டு ஆமோதித்தார். பெண்கள் பேசவேண்டி வருமே என்று ஒருவரும் யோசிக்கவில்லை, யோசிக்க நேரமும் இல்லை. ஜெயினுலாப்தீன் குலுக்கிவிட்டார்.

கொண்டை ஊசிதான் முதலில் விழுந்தது.

"யாருது இது?" என்றார் நம்பிராஜன். பக்கத்திலிருந்தவள், "கோமதி அக்காது, கோமதி அக்காது" என்று அவளைத் தள்ளிவிட்டாள். கூட்டம் முழுக்கச் சந்தோஷம். போட்டிக்கு நின்ற செல்லப்பாண்டிகூட, "ஆண்டவனுக்குக் கண்ணு இருக்கு" என்று வாய்விட்டுச் சொன்னார். பிரம்மநாயகம் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு நெஞ்சு இளகிவிட்டது. இந்த மனுஷன் இத்தனை மாசமாக அலைந்ததெல்லாம் தனக்காகத்தானே. தலையை ஆட்டிவிட்டுப் போனால் என்ன? மாதுங்காவில் இருந்த மாதிரி இங்கேயும் இருந்துகொண்டால் போயிற்று. பல்பைப் போட்டுக்கொள்ளலாம்.

அவள் எழுந்து, முட்டியைச் சாய்த்துச் சாய்த்து, ஆண்கள் விலகி விட்ட வழியில் முன்னால் வந்தாள். குனிந்து ஊசியைக் கையில் எடுத்தாள். நம்பிராஜன் பேனாவைத் திறந்து தயாராக வைத்திருந்தார்.

"கிரவுண்ட் ஃப்ளோர், கெழக்கு மூலை. எழுதிரட்டா மதினி?"

ஆமாம் என்றால் முடிந்தது. அவள் ஊசியைப் பார்த்தாள். இது என் சாமான், என் தலையிலிருந்து எடுத்தது, இதற்கு விழுந்தது என் பங்கு. இதையும் கேட்காமல் விட்டால் இனிமேல் எதைக் கேட்பது என்று நினைத்தாள்.

"மூணாவது மாடி" என்றாள். "கடைசி வீடு. மலை தெரியுததுல்லா, அது."

நம்பிராஜன் பேனாவைக் கீழே வைத்தார். "மதினி, உங்களுக்குப் பெரிய மனசு. ஆனா அடுத்தவுகளுக்காக நீங்க இப்படி…"

"பெரிய மனசெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. நான் யாருக்கும் விட்டுக்குடுக்கல. அந்த வீடு எனக்கு வேணும்."

"கோமதி, உன் முட்டி…" என்று பிரம்மநாயகம் எழுந்தார்.

அவள் அவர் பக்கம் திரும்பினாள். கோபம் இல்லை. நாலு பேர் முன்னால் புருஷனிடம் பேசிப் பழக்கமில்லாததால் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னாள். "முட்டி என்னுதுதானே? அதை நான் பாத்துக்கிடுதேன். ரெண்டு தடவை உங்ககிட்ட இதைச் சொன்னேன். நீங்க அதுக்கு என்னென்னமோ அர்த்தம் பாத்தீங்க. நான் சொன்னதுக்கு நான் சொன்னதுதான் அர்த்தம்."

பிரம்மநாயகம் நம்பிராஜனிடம் மெதுவாக, "எழுதுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

குலுக்கல் தொடர்ந்தது. செல்லப்பாண்டியின் மாமியாருக்குக் கீழ்வீடு கிடைத்தது. சாதத்தைப் பிரித்து எல்லாரும் கையில் கையில் வாங்கிச் சாப்பிட்டார்கள். ஊறுகாய் என்ற வார்த்தைக்குக்கூட அன்று பூர்வீகம் சொல்லப்படவில்லை. பிரம்மநாயகம் கை கழுவிவிட்டுக் கோமதியம்மாளிடம் வந்து, "ஏறிப் பாப்பமா?" என்றார்.

ஏறினார்கள். அவள் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்துவிட்டு அடுத்த படிக்குப் போனாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவருக்குத்தான் மூச்சு வாங்கியது. அவள் சுவரோரமாக நின்று காத்திருந்தாள். மேலே போய்ச் சேர்ந்தபோது வெயில் மலைக்கு நேராக இருந்தது. கீழே ஒரு ரயில் மாங்குர்து பக்கம் போய்க்கொண்டிருந்தது. உரத் தொழிற்சாலை வாடையும் காற்றோடு கலந்துதான் வந்தது, ஆனாலும் காற்று காற்றுதான். அவள் முகத்தை அதற்குக் காட்டிக்கொண்டு நின்றாள். இப்படி ஒரு முகம் அவளுக்கு இருப்பதையே அவர் மாதுங்கா வெளிச்சத்தில் பார்த்ததில்லை.

"இங்க எப்பம் வந்தே?"

"கான்கிரீட் போட்ட அன்னைக்கி. நீங்க காண்ட்ராக்டர்கிட்டப் பேசிக்கிட்டு இருந்தீங்க."

அவர் ஜன்னல் வைக்கிற திட்டில் போய் உட்கார்ந்தார். பிறகு கேட்டார். "வேற என்னல்லாம் எங்கிட்டச் சொல்லியிருக்கே கோமதி, நான் கேக்காம?"

"அது கெடக்கு நெறைய. சொல்ல ஆரம்பிச்சா பொழுது போயிரும்."

"போகட்டும்."

அவர் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார். அவள் வலது காலை நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்து, கல்யாணமான வருஷத்திலிருந்து ஆரம்பித்தாள்.